ஒன்பது காயும் ஒரு காலண்டர் தாளும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் எதிர்வீட்டுப் பாப்பா ஸ்கோர் ஷீட்டோடு வந்து நின்றாள். ஏழாவது படிக்கிறாள். ராணிப்பேட்டையில் செஸ் போட்டி. கடைசிச் சுற்றில் தோற்றுவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறாள். பஸ்ஸிலேயே அழுது முடித்த முகம்.

"மாமா, எனக்கு ஒரு சிப்பாய்தான் கம்மி. யானை இருக்கிற வரைக்கும் போன்ல 0.00னு காட்டுது. யானைக்கு யானை வெட்டிக்கிட்டேன். உடனே மைனஸ் எட்டு. சமமாதானே வெட்டினேன்?"

போனில் செஸ் ஆடும் புரோகிராம், அதாவது என்ஜின், காட்டும் எண் அது: 0.00 என்றால் சமம், மைனஸ் என்றால் அவள் தோற்கும் பக்கம். ஷீட்டை ஜெராக்ஸ் மெஷின் மேல் விரித்து, பலகையில் காய்களை அடுக்கிப் பார்த்தோம். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு யானை போனது, ஒரு யானை வந்தது. ஆனால் யானை கையில் இருந்தவரை செக் மேல் செக் கொடுத்து இழுத்தடிக்க அவளுக்கு வழி இருந்தது. அது போனதும் ராஜாவுக்கு எதிரே ராஜா, நடுவில் சிப்பாய்கள், ஒளிய இடமில்லை.

அவளுக்கு குகேஷ் ஆட்டத்தைக் காட்டினேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55வது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2 என்ற கட்டத்துக்குக் கொண்டுவந்தார் (கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்). குகேஷ் அதை வெட்டினார், டிங் ராஜாவால் திருப்பி வெட்டினார், உடனே குகேஷ் மந்திரியை டி5-இல் வைத்து மந்திரியையும் மாற்றிக்கொள்ள வைத்தார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும்தான். 58வது நகர்வோடு டிங் கை கொடுத்துவிட்டார். அன்றைக்கு நான் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து கோத்துக்கொண்டே ஓரத்தில் ஆட்டத்தை ஓடவிட்டிருந்தேன். யானை எஃப்2-இல் உட்கார்ந்த அதே நொடியில் திரையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் என்ஜினின் பட்டை சரிந்தது. டிங் அதை உணர்ந்து தலையைக் குனிந்தது அதற்கப்புறம்தான்.

"சரி மாமா, மெஷினுக்கு மட்டும் எப்படி உடனே தெரியுது?"

நாளைக்கு ஸ்கூல் விட்டு வா, சொல்கிறேன் என்று அனுப்பினேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் பல வருஷ ராத்திரிகளைச் செலவழித்திருக்கிறேன். அவளுக்குச் சொல்வதற்கு முன் இங்கே எழுதி ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன்.

காய் குறைவாக இருந்தால் கம்ப்யூட்டருக்குச் சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் நிலைமை நேர் எதிர். ராணியும் குதிரையும் பலகையில் இருக்கும்போது தப்பு செய்தால் மூன்று நான்கு நகர்வில் காய் போய்விடும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். ராஜா-சிப்பாய் ஆட்டத்தில் இப்போது ஒரு கட்டம் தப்பாக வைத்தால் அதன் பலன் பதினான்கு நகர்வு கழித்து வரும். புரோகிராம் எத்தனை நகர்வு முன்னே பார்க்கிறதோ அதற்கு அந்தப் பக்கம் இருப்பது அதற்கு இல்லவே இல்லை. கடிதம் வழி ஆடும் செஸ்ஸில் உலகச் சாம்பியனாக இருந்த ஹான்ஸ் பெர்லினர் 1973-இல் இதற்கு 'ஹொரைசன் எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார். தொடுவானக் கோளாறு என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் சிப்பாய் ஓடும்போது, ஒரு பக்கம் ஒரு நகர்வு முன்னால் ராணியாகப் போகிறது என்பது தொடுவானத்துக்கு அப்பால் இருந்தால், புரோகிராம் 'சமம்' என்று நிம்மதியாகச் சொல்லிவிடும்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை, அப்பாவின் சிநேகிதர். காட்பாடி ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், கொசப்பேட்டையில் வீடு. நான் பாலிடெக்னிக் படித்த காலத்தில் ஒரு மே மாதம், கரண்ட் போன ராத்திரி, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வேலூர் மே மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். அவர் உள்ளே போய் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து வந்து, பின்பக்கத்தில் அறுபத்து நான்கு கட்டம் போட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு நிலையை வரைந்தார்.

வெள்ளை ராஜா ஏ1. வெள்ளைச் சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு ராஜா ஏ7. கறுப்புச் சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளையின் முறை.

"பாரு, ஒரு சிப்பாயும் நகராது. எல்லாம் முட்டிக்கினு நிக்குது. ராஜாதான் ஓடணும். எங்க வெப்ப?"

பி2 என்றேன். முன்னால் போவதுதானே இயல்பு. அவர் கறுப்பு ராஜாவை ஏ8-இல் வைத்தார். அதாவது ஓடிவந்து தடுக்காமல் மூலைக்குப் போய் ஒதுங்கினார். அன்று ராத்திரி முழுக்க முட்டிப் பார்த்தும் என்னால் ஜெயிக்க முடியவில்லை. கரண்ட் வந்த பிறகுதான் சொன்னார், சரியான நகர்வு பி1. பி2 இல்லை, பி1. அது ஒன்றுதான் ஜெயம், வேறு எது ஆடினாலும் டிரா.

"கோட்டை மதில்னு வெச்சிக்கோ. உள்ள போக ரெண்டே வழி, இந்தப் பக்கம் பி5, அந்தப் பக்கம் ஜி5. நீ வெளியில ஓடுற, அவன் உள்ள ஓடுறான். நீ எந்த வாசலுக்கு வந்தாலும் அவன் உள்பக்கம் அதே வாசல்ல நிக்கணும். ஒரு அடி பிந்தினா மதில் போச்சு."

இது 1901-இல் செஸ் வல்லுநர்கள் லாஸ்கரும் ரைக்ஹெல்மும் அலசிய நிலை. ரூபன் ஃபைன் தன் எண்ட்கேம் (கடைசிக் கட்ட ஆட்டம்) புத்தகத்தில் 70வது படமாகப் போட்டதால் 'ஃபைன் 70' என்றே பெயர் நின்றுவிட்டது. செஸ் புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் தங்கள் புரோகிராமை ஒருமுறையாவது உரசிப் பார்க்கும் கல் இது.

இதற்குள்ளே என்ன இருக்கிறது என்றால், கட்டங்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. வெள்ளை சி4-க்கு வந்தால் கறுப்பு பி6-இல் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பி5 வாசல் திறந்துவிடும். அதனால் வெள்ளை சி3-இல் இருந்தால் கறுப்பு பி7-இல், டி3-இல் இருந்தால் சி7-இல். அங்கிருந்து பின்னாலேயே போய்க்கொண்டே இருந்தால் சி2-க்கு பி8, சி1-க்கு பி7, பி2-க்கு ஏ8 என்று ஜோடி கிடைக்கும். பி1-க்கு ஜோடி ஏ7. கறுப்பு ராஜா இப்போது நிற்பது ஏ7-இல். வெள்ளை பி1-க்கு வந்துவிட்டால் ஜோடி பொருந்திவிடுகிறது, நகர வேண்டியது கறுப்பு. எங்கே நகர்ந்தாலும் வெள்ளை அடுத்த ஜோடிக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏ8 போனால் பி2, பி8 போனால் சி2, பி7 போனால் சி1. நான் அன்று முதல் நகர்விலேயே பி2 போனதால் அவருக்கு ஏ8 கிடைத்தது, ஜோடியைப் பொருத்தியது அவர்.

இப்படியே போய், ஏழாவது நகர்வில் வெள்ளை டி3, கறுப்பு சி7, கறுப்பின் முறை. கறுப்பு பி6 போனால் வெள்ளை ராஜா எதிர்ப்பக்கம் ஓடுகிறது: இ3, எஃப்3, ஜி3, எச்4, எச்5, ஜி5, அப்புறம் எஃப்5 சிப்பாய் காலி. எண்ணிப் பார்த்தால் அந்தச் சிப்பாய் விழுவது வெள்ளையின் 14வது நகர்வில். ஒரு பக்கம் ஒருமுறை ஆடுவதை அரை நகர்வு என்று எண்ணினால், இரண்டு பக்கத்தையும் சேர்த்து 27 அரை நகர்வு. அதுவரை பலகையில் ஒரு காயும் வெட்டுப்படவில்லை, ஒரு சிப்பாயும் அசையவில்லை.

2010 வாக்கில் நான் சொந்தமாக ஒரு செஸ் புரோகிராம் எழுத ஆரம்பித்தேன். சி மொழி. பகலில் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ். ராத்திரியில் அதே கம்ப்யூட்டரில் இது. ஓரளவு ஆட ஆரம்பித்ததும் முதலில் கொடுத்தது பெரியப்பாவின் காலண்டர் தாளைத்தான். ராத்திரி பூராவும் ஓடவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் 20 அரை நகர்வைத் தாண்டவில்லை. திரையில் பி2 என்று நிற்கிறது. என்னைப் போலவே.

ஏன் என்று பிறகு புரிந்தது. ராஜா சி2-க்கு பி1 வழியாகவும் போகலாம், பி2 வழியாகவும் போகலாம், சுற்றிக்கொண்டும் போகலாம். கிரீன் சர்க்கிளுக்கு எந்தத் தெரு வழியாக வந்தாலும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். என் புரோகிராமுக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு வழியையும் புதுசாக நினைத்து, அதே நிலையை லட்சம் தடவை ஆராய்ந்துகொண்டிருந்தது. உண்மையில் எத்தனை நிலை இருக்கிறது? சிப்பாய்கள் ஏழு, எல்லாம் பூட்டிக்கிடக்கின்றன. மீதி 57 கட்டம். இரண்டு ராஜாவுக்கும் 57 பெருக்கல் 56, யார் முறை என்பதற்கு இன்னொரு 2. மொத்தம் 6,384. ராஜாக்கள் ஒட்டி நிற்கக் கூடாது, சிப்பாய் தாக்கும் கட்டத்தில் நிற்கக் கூடாது என்று கழித்தால் இன்னும் குறையும். ஏதாவது ஒரு சிப்பாய் வெட்டுப்படும்வரை உலகமே அவ்வளவுதான். ஒரு குயர் நோட்டில் எழுதிவிடலாம்.

பார்த்த நிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அந்த நோட்டுக்குத்தான் 'ஹாஷ் டேபிள்' என்று பெயர். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எண் கொடுக்கும் முறையை ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970-இல் வகுத்தார். ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாறுமாறான எண், பலகையில் இருப்பவற்றின் எண்களையெல்லாம் 'எக்ஸார்' (பிட் பிட்டாக எண்களைக் கலக்கும் கணக்கு) செய்தால் அந்த நிலையின் அடையாள எண் வந்துவிடும். இதைச் சேர்க்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சேர்த்துவிட்டு அதே நிலையைக் கொடுத்தேன். டீ வாங்கிவர வெளியே போனேன். திரும்பி வருவதற்குள் திரையில் பி1.

அந்த சந்தோஷம் ரெண்டு நாள்கூட நிற்கவில்லை. மிகச் சின்ன நிலை ஒன்றில் புரோகிராம் பொய் சொன்னது. வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. அவ்வளவுதான், மூன்றே காய். இதில் வெள்ளையின் முறை என்றால் டிரா. கறுப்பின் முறை என்றால் வெள்ளைக்கு ஜெயம், ஏனென்றால் கறுப்பு வழிவிட்டே ஆக வேண்டும். நகர வேண்டியிருப்பதே தண்டனை. இதைத்தான் 'ஸுக்ஸ்வாங்' என்கிறார்கள். என் புரோகிராம் கறுப்பின் முறையிலும் டிரா என்றது.

காரணம் நான் வேகத்துக்காகச் சேர்த்திருந்த ஒரு குறுக்குவழி. 'நல் மூவ்' என்று பெயர். புரோகிராம் தனக்குள் கேட்டுக்கொள்கிறது: நான் இந்த முறை எதுவும் ஆடாமல் விட்டுவிட்டால்கூட என் நிலை நன்றாக இருக்கிறதா? இருக்கிறது என்றால் மேலே ஆராய வேண்டாம், அந்த வழியை அத்தோடு நிறுத்து. காய்கள் நிறைந்த பலகையில் இது அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் ஒரு நகர்வு ஆடுவது அநேகமாக எப்போதும் லாபம். ஆனால் இங்கே கறுப்பு 'நான் சும்மா இருந்தால்?' என்று கேட்டால் பதில் 'டிரா' என்று வருகிறது, நிம்மதியாக ஆராய்வதை நிறுத்திவிடுகிறது. சும்மா இருக்கத்தான் செஸ்ஸில் அனுமதி இல்லையே. அதனால்தான் பெரும்பாலான நல்ல என்ஜின்களில் ஆட வேண்டிய பக்கத்திடம் ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருந்தால் இந்தக் குறுக்குவழியை மூடிவிடுகிறார்கள். ஒரே ஒரு வரி நிபந்தனை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆடி மாதம் முழுக்கப் போனது.

சிப்பாய் இ4-இல் இல்லாமல் இ3-இல் இருந்தால் கதையே வேறு. வெள்ளையின் முறை என்றாலும் சிப்பாயை இ4-க்குத் தள்ளி முறையைக் கறுப்பிடம் கொடுத்துவிடலாம். கையில் ஒரு நகர்வு மிச்சம் வைத்திருப்பது ஒரு சிப்பாயைவிடப் பெரிய சொத்து என்று பெரியப்பா சொல்வார். அவசரமாகச் சிப்பாயைத் தள்ளாதே என்று செஸ் ஆட வரும் பிள்ளைகளிடம் நான் கத்துவது இதனால்தான்.

அடுத்து, மூன்று காய் ஆட்டத்தை ஒவ்வொரு தடவையும் ஏன் ஆராய வேண்டும், மொத்தமாகக் கணக்குப் போட்டு வைத்துவிடலாமே என்று தோன்றியது. இது பழைய யோசனைதான். ஒரு ராஜாவுக்கு 64 கட்டம், இன்னொன்றுக்கு 64, சிப்பாய்க்கு 24 போதும், ஏனென்றால் பலகையின் வலது பாதி இடது பாதியின் கண்ணாடி. யார் முறை என்பதற்கு 2. பெருக்கினால் 1,96,608. ஒவ்வொன்றுக்கும் ஜெயமா டிராவா என்று ஒரு பிட். மொத்தம் 24 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படத்தைவிடச் சின்னது.

இதைப் போடும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்னால் பார்ப்பதே இல்லை, முடிவிலிருந்து பின்னால் வருவது. சிப்பாய் பத்திரமாக ராணியாகிவிடும் நிலைகள் ஜெயம் என்று முதலில் குறித்துவிடுவது. ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆனால் நகரவும் வழியில்லை), சிப்பாய் வெட்டுப்படும் நிலைகள் டிரா. அப்புறம் மீதி எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வருவது: வெள்ளையின் முறையில் ஏதாவது ஒரு நகர்வு ஜெயத்துக்குப் போனால் இதுவும் ஜெயம், கறுப்பின் முறையில் எல்லா நகர்வும் ஜெயத்துக்கே போனால் இதுவும் ஜெயம். புதிதாக ஒன்றும் மாறாத சுற்றில் நிறுத்திவிடுவது. மீதமுள்ளது டிரா. பெரியப்பா மதில் வாசலிலிருந்து பின்னால் எண்ணி ஏ7-பி1 ஜோடியைப் பிடித்ததும் இதே வழிதான். பேப்பரில் செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் பட்டியலைப் போட்டுக் கொடுத்ததும் புரோகிராம் புதுசாக ஒரு பிடிவாதம் பிடித்தது. ஜெயம் என்று தெரிந்த நிலையில் ராஜாவை இங்கும் அங்கும் நடத்திக்கொண்டே இருந்தது. சிப்பாயைத் தள்ளவில்லை. ஏனென்றால் எல்லா நகர்வும் ஜெயம் என்றே பட்டியல் சொல்கிறது. எது கிட்டத்தில் கொண்டுபோகும் என்று சொல்லவில்லை. சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறினால் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் என்று சேர்த்த பிறகுதான் சரியானது.

பெரிய பட்டியல்களும் இதே வித்தைதான். கென் தாம்ப்ஸன் ஆரம்ப நாட்களில் போட்டது, பிறகு யூஜின் நாலிமோவ் பெயரில் வந்தது, 2013-இல் ரொனால்ட் டி மான் கொடுத்த 'சிஸிஜி'. ஐந்து காய்வரை ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும், ஆறு காய்க்கு 150 ஜிபி அளவு, 2018-இல் முடிந்த ஏழு காய்க்குப் பதினேழு டிபி போல. காலண்டர் தாளில் இருப்பது ஒன்பது காய். ஏழு காய்ப் பட்டியலிலும் அது இல்லை. அங்கே இன்றைக்கும் என்ஜின் தானேதான் வழி தேட வேண்டும்.

மனிதன் யோசிப்பது போல ஜோடிக் கட்டங்களாக, சிப்பாய்க் கூட்டங்களாகப் பிரித்து யோசிக்க வைக்கவும் முயன்றிருக்கிறார்கள். மாண்டி நியூபார்ன் 1970-களில் ராஜா-சிப்பாய் ஆட்டத்துக்கென்றே 'பெஸன்ட்' என்று ஒன்று எழுதினார். பெர்லினரும் மர்ரே கேம்பலும் 1984-இல் 'சங்க்கர்' என்ற புரோகிராமைச் செய்தார்கள்; ஆளுக்கு ஒரு ராஜா, ஒட்டி நிற்கும் மூன்று சிப்பாய் என்ற வகையில் அது கில்லாடி. அந்த கேம்பல்தான் பிறகு காஸ்பரோவை 1997-இல் ஜெயித்த 'டீப் ப்ளூ' குழுவில் இருந்தார். எனக்கு இந்த வழிமேல் ஒரு தனி மரியாதை உண்டு. ஆனால் ஜெயித்தது என்னவோ வேகமும் ஞாபக நோட்டும்தான்.

அப்படியானால் இப்போது என்ஜின் சொல்வதெல்லாம் வேதமா? இல்லை. சிப்பாய்கள் பூட்டிக்கிடந்து, ராஜா உள்ளே நுழைய வாசலே இல்லாத நிலைகளில், ஒரு பக்கம் காய் கூடுதலாக இருந்தால், என்ஜின் பிளஸ் இரண்டு, பிளஸ் மூன்று என்று காட்டிக்கொண்டே இருக்கும். உண்மையில் டிரா. கண்டுபிடிக்க வழி உண்டு: ஆழம், அதாவது என்ஜின் முன்னே பார்க்கும் அரை நகர்வு, 20, 30, 40 என்று ஏறியும் எண் அப்படியே அசையாமல் நின்றால் சந்தேகப்படு. நிஜமான ஜெயம் என்றால் ஆழம் கூடக்கூட எண்ணும் ஏறும். பாப்பாவுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். எண்ணைப் பார்க்காதே, எண் போகிற திசையைப் பார்.

அவள் தோற்ற நிலை இதெல்லாம் இல்லாத எளிய நிலை. காய்களும் குறைவு. யானைகள் போனதும் போனிலுள்ள என்ஜின் சில நொடியில் கடைசிவரை பார்த்துவிட்டது. மைனஸ் எட்டு என்பது, எதிராளியின் ராணி பிறந்துவிட்டது என்று அர்த்தம். அவள் பலகையில் அந்த ராணி பிறக்க இன்னும் பதினொரு நகர்வு இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் யூனிஃபார்மோடு வந்துவிட்டாள். கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தக் காலண்டர் தாள் இன்னும் இருக்கிறது. ஸ்கெட்ச் மை ஊதா நிறத்துக்கு வெளுத்திருக்கிறது. காய்களை அப்படியே அடுக்கினேன். போனை மேஜை டிராயரில் வைக்கச் சொன்னேன், முகத்தைச் சுளித்தாலும் வைத்தாள்.

"வெள்ளை ஆடணும். எங்க வெப்ப?"

அரை நிமிஷம் பார்த்துவிட்டு ராஜாவை எடுத்து பி2-இல் வைத்தாள். நான் கறுப்பு ராஜாவை ஏ8-இல் வைத்தேன். எட்டு மணிக்கு அவள் அம்மா வந்து கூப்பிட்டார். "தோ வரேம்மா, ஜெயிக்கப் போறேன்" என்றாள். ராஜா அப்போது சி2-இல் இருந்தது. நான் பி8-இல் இருந்தேன்.